எல்லாம் இடது பக்கமே போகிறது: ஏர் ரைஃபிள் பழகிய ஏழு மாதம்

கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சிக்குப் போனால் நாங்கள் மாம்பழம் பார்ப்பது பத்து நிமிடம்தான், மீதி நேரமெல்லாம் ராட்டினமும் டெல்லி அப்பளமும். போன வருடம் பையன் கேட்டான் என்று பலூன் சுடும் கடையில் நின்றேன். அவன் பத்துக்கு ஆறு உடைத்தான். நான் இரண்டு, அதிலும் ஒன்று நான் குறி வைத்த பலூன் இல்லை, அதற்கு இடது பக்கத்தில் இருந்தது. கடைக்காரர், "சார், உங்களுக்கு எல்லாம் லெஃப்ட்லயே போகுது" என்றார். துப்பாக்கி கோணல் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதே துப்பாக்கியில்தான் பையனும் சுட்டான்.

நான் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன். மிக்சி மோட்டாருக்கு முடி கனத்தில் ஒயர் சுற்றுகிற கை இது, அந்தக் கையால் ஒரு பலூனை உடைக்க முடியவில்லை என்பது இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓசூரில் ஒரு மாடியில், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளைப் பத்து மீட்டர் தூரத்தில் சுட்டுப் பழகும் ரேஞ்ச் இருக்கிறது என்று மோட்டார் கொண்டுவந்த ஒருவர் சொன்னார். ஞாயிறு காலை பஸ் ஏறினேன்.

முதல் நாள் சுடவே விடவில்லை. கோச்சுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார், ஆனால் விதி என்று வந்துவிட்டால் அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது. துப்பாக்கியின் வாய் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். சுடப்போகும் அந்த நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியே. காலி என்று தெரிந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். 'ஸ்டாப்' என்று சத்தம் வந்தால், டிரிகரில் விரல் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் பெல்லட் என்கிற அந்தச் சின்னக் குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, ஆணியை வாயில் கவ்வுகிற மாதிரி பெல்லட்டைக் கவ்வவே கூடாது. கடையில் எனக்கு ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, அதனால் இது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

டார்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதன் மையத்தில் இருக்கும் பத்து என்கிற புள்ளி அரை மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு மணியைவிடச் சின்னது, பத்து மீட்டர் தள்ளி! நல்ல வேளையாகப் பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர் தடிமன், அதன் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும், பத்து கிடைத்துவிடும். கணக்குப் போட்டால் ஓட்டையின் மையம் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் பத்து, அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை மில்லிமீட்டருக்கும் ஒரு மார்க் போகும். பெரிய போட்டிகளில் இந்தப் பத்தையும் பிரித்து 10.9 வரை கணக்கிடுவார்கள். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினாரே, அந்தக் கடைசி ஷாட் 10.8. டார்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

இதற்கிடையில் தெருவில் செய்தி பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் கடைக்கே வந்து, "தம்பி, காட்டுப் பன்னிக்கு ஆகுமா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் துப்பாக்கி என்றாலே நாட்டுத் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும், போலீஸ் வரும், வழக்கு வரும். அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம், அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். மருந்து வெடித்துச் சுடுகிற .22 ரைஃபிள் வேறு கதை, அதற்கு லைசென்ஸ் இல்லாமல் முடியாது. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகக் கொக்கையோ மைனாவையோ சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அவரிடம், "இது பேப்பரைத்தான் ஓட்டை போடும்ண்ணா" என்றேன். பேப்பரை எதற்கு ஓட்டை போட வேண்டும் என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, ஸ்கோருக்கு வருகிறேன். முதலில் மேசைமேல் தாங்கு வைத்துச் சுடவிட்டார்கள், பத்து ஷாட்டுக்கு 84 வந்தது, நமக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் நின்று சுடு என்றார். 41. மூன்று ஷாட் கறுப்புக்கே வெளியே. மற்றதெல்லாம் இடது பக்கம். பலூன்கடைக்காரர் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

ஆகஸ்ட் முழுக்க நான் செய்தது ஒரே தவறு, சைட்டை, அதாவது குறி பார்க்கும் பாகத்தை, திருகுவது. ஒரு ஷாட் இடது போனால் இரண்டு கிளிக், அடுத்தது வலது போனால் திரும்ப இரண்டு கிளிக். கோச் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கிற ஆளுக்கு எல்லாமே ஸ்க்ரூவாகத்தான் தெரியும் என்று கிண்டலடித்தார். ஐந்து ஷாட் ஒரே இடத்தில் கூட்டமாக விழுந்தால் மட்டும்தான் சைட்டைத் தொட வேண்டுமாம். சிதறி விழுந்தால் கோளாறு சைட்டில் இல்லை, ஆளிடம்.

கோளாறு கண்ணில் என்று கண்டுபிடித்தது செப்டம்பரில். இரண்டு கையையும் நீட்டிச் சின்ன முக்கோணம் மாதிரி வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார் கோச். இடது கண்ணை மூடினால் கடிகாரத்தைக் காணோம்! அதாவது எனக்கு வலது கை, ஆனால் ஓங்கிய கண், அதாவது குறி பார்க்க முந்திக்கொள்ளும் கண், இடது. நாற்பத்து மூன்று வயதில் தெரிகிறது. பலூன் கடையில் இரண்டு கண்ணையும் திறந்து சுட்டேன், துப்பாக்கி வலது தோளில் இருக்க, முனையைப் பலூனோடு சேர்த்தது இடது கண். பின்பக்கம் வலதில், முனை இடதில், பெல்லட் வேறெங்கே போகும்? ரேஞ்சில் பீப் சைட்டின் சின்ன ஓட்டை வழியாகப் பார்ப்பதால் அந்த அளவுக்கு ஏமாற்றாது, ஆனால் நான் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன், நாலாவது ஷாட்டிலேயே வலது கண்ணும் சேர்ந்து துடிக்கும். இடது கைக்கே மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் பார்த்தோம், பேனாவை இடது கையில் பிடித்த மாதிரி இருந்தது, விட்டுவிட்டோம். இப்போது ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டு துண்டை இடது கண் முன்னால் வருகிற மாதிரி கிளிப்பில் மாட்டிக்கொள்கிறேன். வெள்ளை என்பதால் அந்தக் கண்ணுக்கும் வெளிச்சம் போகும், மூட வேண்டியதில்லை. கார்டை மாட்டிய அன்றைக்கு, 41-லிருந்த ஸ்கோர் 63 ஆனது.

ஆனாலும் இடது பக்கம்தான். குறைந்திருந்தது, நிற்கவில்லை.

அடுத்தது கால். இதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வேன், ஏனென்றால் நானே நம்பவில்லை. எனக்குத் தோளில் பலம் அதிகம், போர்வெல் மோட்டாரைத் தூக்கி இறக்குகிற தோள். அந்தப் பலத்தால்தான் ரைஃபிளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சதையால் பிடித்தால் பத்து நொடியில் நடுங்கும். இடது முழங்கையை இடுப்பு எலும்பின்மேல் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ரைஃபிளின் கனம் எலும்பு வழியாகவே கீழே காலுக்கு இறங்க வேண்டும். அப்படி நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். சைட் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு காட்டும் இடம். எனக்கு டார்கெட்டிலிருந்து ஒரு கை அளவு இடது பக்கம் நின்றது. இத்தனை நாளும் நான் அதைக் கையால் வலது பக்கம் இழுத்துப் பிடித்துச் சுட்டிருக்கிறேன், டிரிகர் விழுகிற நேரத்தில் கை தளர்ந்ததும் அது தன் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. கையைத் தொடக் கூடாது, பாதத்தைத்தான் நகர்த்த வேண்டும். பின்காலைக் கொஞ்சம், இரண்டு விரல் அளவு.

வாரத்துக்கு ஒரு நாள் ஓசூர் போவதால் இதெல்லாம் மறந்துபோகும். ரேஞ்சில் சும்மா டிரிகரை மட்டும் அழுத்திப் பழகலாம், அந்த ரைஃபிள்களில் அதற்கென்றே வசதி உண்டு. மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ரைஃபிளில் அப்படிக் காலியாக அடிக்கக் கூடாது, முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதி சீல் கெட்டுவிடும். எனக்கு இரண்டுமே சொந்தமாக இல்லை. அதனால் ஒன்றரை இன்ச் பைப் ஒன்றில் மணலும் பழைய பேரிங் குண்டுகளும் அடைத்து மூடினேன், இரும்புக்கடைத் தராசில் நாலு கிலோ இருநூறு. பின்னால் ஒரு வாஷர், முன்னால் ஒரு நட்டு, சைட் ஆயிற்று. வீட்டு ஹாலில் ஐந்து மீட்டர்தான் கிடைக்கும். பாதித் தூரத்துக்குப் பாதி அளவு வட்டம், 15 மில்லிமீட்டர். மனைவியின் பெரிய சைஸ் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு கிட்டத்தட்ட அதே அளவு. தரையிலிருந்து 140 சென்டிமீட்டரில் ஒட்டினேன், டார்கெட் வைக்கிற உயரம் அது. "ஏங்க, வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். தினமும் இருபது நிமிடம் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை, சுவரில் பொட்டு ஒட்டியிருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே.

நவம்பரில் 70-ஐத் தாண்டினேன், அங்கேயே ஒரு மாதம் நின்றேன். காரணம் சின்னது. சுட்டதும் எங்கே விழுந்தது என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிடுவேன். சுட்ட பிறகு தூக்குவதாக நான் நினைத்தேன், கோச் போனில் வீடியோ எடுத்துக் காட்டினார், டிரிகர் அழுத்தும்போதே கன்னம் துப்பாக்கிக் கட்டையைவிட்டு எழும்புகிறது. சுட்டபிறகும் ஒன்று இரண்டு நொடி அப்படியே நிற்க வேண்டும், சைட் எங்கே குதித்தது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். இன்னொன்று, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியதும் ஏழெட்டு நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் இறக்கிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டம். தூக்கியாயிற்று, அடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி அடித்த ஷாட் ஒன்றுகூட நன்றாக விழுந்தது இல்லை.

செலவு பற்றிக் கேட்பார்கள். வெளிநாட்டு ரைஃபிள் லட்சங்களில் போகிறது, அந்தப் பக்கம் நான் போகவில்லை, ரேஞ்ச் ரைஃபிள்தான். விறைப்பான அந்தக் கேன்வாஸ் ஜாக்கெட்டையும் அங்கேயே இரவல் வாங்கிக்கொள்கிறேன், அதைப் போட்டுக்கொண்டு நின்றால் ஓசூர் குளிரிலும் முதுகில் வியர்க்கும். நான் சொந்தமாக வாங்கியது 500 பெல்லட் கொண்ட டப்பாக்கள் மட்டும். தலை தட்டையாக இருக்கும் பெல்லட் வாங்குங்கள், பேப்பரில் பஞ்ச் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், ஸ்கோர் பார்க்கச் சண்டை வராது. ரேஞ்சுக்குப் போகும் முன் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பதையும் நிறுத்திவிட்டேன், குடித்தால் நாடி துடிப்பது சைட்டில் அப்படியே தெரிகிறது.

போன ஞாயிறு 82. ஒன்பது ஷாட் நடுவைச் சுற்றியே விழுந்தன. ஆறாவது மட்டும் இடது பக்கம், ஆறில். அது கண்ணும் இல்லை, காலும் இல்லை. பையில் போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை, ஆனால் யாருடைய மோட்டார் என்று யோசித்துக்கொண்டே அழுத்திவிட்டேன்.