ஈயம் வெட்டியவர்களின் நூலகம்

கிளாஸ்கோவில் மகள் வீட்டில் இருந்தபோது பேத்திதான் கிளப்பிவிட்டாள். "தாத்தா, ஒரு ஊர்ல ஓடையில தங்கம் எடுக்கலாமாம், போலாமா?" ஊர் பெயர் வான்லாக்ஹெட். எனக்குத் தங்கத்தில் பெரிய ஆசை இல்லை. ஆனால் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மழை இல்லாமல் விடிந்தால் ஸ்காட்லாந்தில் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கிளம்பிவிட்டோம்.

நேர்வழி நெடுஞ்சாலை. மருமகன் வேண்டுமென்றே சாங்கர் பக்கம் சுற்றிக்கொண்டு மெனாக் கணவாய் வழியாகக் கூட்டிப்போனார். இருபுறமும் மொட்டை மலைகள், மரம் என்று ஒன்று இல்லை. அந்த மலைகள் முழுக்க ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி பூத்து ஊதாவாகக் கிடந்தன. சாலையின் நடுவில் செம்மறியாடுகள் படுத்திருந்தன. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கின்றன, அவ்வளவுதான். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் குதிரையில் வந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், பனியில் வழுக்காமல் இருக்க லாடத்துக்கு ஆணி வைத்துத் தரும்படி இந்த ஊர்க் கொல்லரிடம் சிபாரிசு செய்யச் சொல்லி ஒருவருக்கு ஒரு பாட்டே எழுதிக் கொடுத்திருக்கிறார். பாட்டு எழுதித்தான் வேலை நடக்க வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்திலேயே உயரமான கிராமம் இது, 1,531 அடி என்கிறார்கள். இதெல்லாம் ஒரு உயரமா என்று நினைத்துக்கொண்டுதான் காரை விட்டு இறங்கினேன். காற்று அடித்த அடியில் உடனே திரும்பிப் போய் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினேன். ஊருக்குத் தெரு என்ற ஒழுங்கே இல்லை. சரிவுகளில் கைப்பிடி அரிசியை இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சின்ன வீடுகள். சுரங்கம் எங்கே இருந்ததோ அங்கே வீடு. இன்று இருநூறு பேர்கூட இல்லை. பின்னால் லௌதர் மலை உச்சியில் விமானப் போக்குவரத்து ரேடாரின் வெள்ளைக் கோளம் ஒரு ராட்சத கோல்ஃப் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் தங்கத்தை முடித்துவிடுகிறேன். ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் தட்டைக் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். மணலோடு நீரை அள்ளி, சுழற்றிச் சுழற்றி இலேசானதை வெளியே தள்ள வேண்டும். கனமானது அடியில் தங்கும். முக்கால் மணி நேரத்தில் என் ஷூ நிறைய தண்ணீர், பேத்தியின் தட்டில் மிளகாய் விதையில் கால்வாசி அளவு ஒரு மினுக்கு. அவள் குதித்த குதியில் அதுவும் போயிருக்கும். அதை ஒரு குட்டி பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். 1540இல் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸுக்காகப் புதுப்பித்துச் செய்த ஸ்காட்லாந்து மணிமுடியில் இந்த மலைப்பகுதித் தங்கம் இருக்கிறது என்று சொன்னதும், பேத்தி பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஊரை வாழவைத்தது ஈயம்தான். லாக்னெல் சுரங்கத்துக்குள் ஹெல்மெட் மாட்டிக் கூட்டிப்போகிறார்கள். மலைக்குள் நேராகக் குடைந்த ஒடுக்கமான வழி. சுவரெல்லாம் ஈரம், தலையில் சொட்டுச் சொட்டாக நீர். வழிகாட்டி விளக்கை அணைத்தார். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, பாறையில் இன்ன இடத்தை இன்ன விலைக்கு வெட்டித் தருகிறோம் என்று பேரம் பேசி எடுப்பார்களாம். கணக்குத் தீர்ப்பது வருஷத்துக்கு ஒரு தரம். அதுவரை கடையில் கடன்தான். பையன்கள் வெளியே குளிர்ந்த நீரில் தாதுவைக் கழுவுவார்கள்.

ஊருக்கு நடுவில் ஒரு நீர் இறைக்கும் எந்திரம் நிற்கிறது. பார்த்ததும் எனக்கு ஏற்றம்தான் ஞாபகம் வந்தது. நீண்ட மர உத்தரம், ஒரு முனையில் வாளி, மறு முனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்புத் தண்டு. ஓடைநீர் வாளியில் நிரம்பினால் அந்தப் பக்கம் தாழ்ந்து, தண்டு மேலே வரும், சுரங்க நீரும் கூடவே வரும். வாளி கீழே போனதும் தானாகக் காலியாகும், உத்தரம் பழையபடி திரும்பும். ஏற்றத்தில் மேலே ஏறி மிதிக்க ஆள் வேண்டும். இங்கே அந்த ஆளின் வேலையைத் தண்ணீரே செய்தது.

அடுத்தது நூலகம். இதற்காக மட்டுமே இன்னொரு முறை வருவேன். 1756இல் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் சந்தா போட்டுத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் அதற்கு நூறு ஆண்டு பிந்தியது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. உள்ளே தரையிலிருந்து கூரை வரை தோல் அட்டைப் புத்தகங்கள். பெரும்பாலும் சமயம், வரலாறு, பயணம். வருஷம் முழுக்கக் கடனில் ஓடுகிற குடும்பம், சாப்பாட்டுக் கணக்கோடு புத்தகத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. "இருட்டில் வேலை செய்துவிட்டு வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசிப்பார்களா?" என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். "ஆய்" என்று இழுத்தார். ஸ்காட்லாந்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். "மெழுகுவத்திக்கும் அவர்கள்தானே காசு கொடுக்க வேண்டும்!"

1803 ஆகஸ்டில் டோரதி வேர்ட்ஸ்வொர்த், கவிஞரான அண்ணன் வில்லியம், அவர் நண்பர் கவிஞர் கோல்ரிட்ஜ் மூவரும் இந்த வழியாகப் போயிருக்கிறார்கள். எதிரில் வந்த சில பையன்களுக்குக் காலில் செருப்பில்லை. ஊர் வான்லாக்ஹெட் என்று சொன்ன அவர்கள், பள்ளியில் லத்தீனில் வெர்ஜிலும் கிரேக்கத்தில் ஹோமரும் படிப்பதாகச் சொன்னதை டோரதி குறித்துவைத்திருக்கிறார்.

தொழிலாளர்கள் நூலகம் வைக்கும் பழக்கத்தில் முந்தியது பக்கத்து ஊர் லெட்ஹில்ஸ். அங்கே நூலகம் 1741இலேயே வந்துவிட்டது. அங்கிருந்த சுரங்க நிறுவனத்தின் மேலாளர் பெயர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்று அந்த அம்மா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கணித ஸ்டர்லிங்கா?" அவரேதான். முப்பது வருஷம் கல்லூரிக் கரும்பலகையில் ஸ்டர்லிங் சூத்திரத்தை எழுதியிருக்கிறேன். பெரிய எண்ணின் ஃபேக்டோரியலை, அதாவது ஒன்றிலிருந்து அந்த எண் வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவதை, தோராயமாகக் கணக்கிட 1730இல் அவர் தந்தது. (டி மாவர் என்ற இன்னொரு கணித மேதைக்கும் அதில் பாதிப் புண்ணியம் உண்டு, அது வேறு கதை.) அவர் பிற்பாடு என்ன ஆனார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஈயச் சுரங்கத்துக்குப் பொறுப்பேற்று இந்த மலைக்கு வந்து, நிலத்தடி வேலையை ஒரு ஷிப்டுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்திருந்தாராம். வாசிக்க நேரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவும் ஒரு விடை.

திரும்பும்போது லெட்ஹில்ஸில் நிறுத்தச் சொன்னேன். என் தப்பு, ஓடையில் விட்ட நேரம், நூலகம் பூட்டியிருந்தது. ஜன்னலில் கையைக் குவித்துப் பார்த்ததில் அலமாரியின் ஓரம் மட்டும் தெரிந்தது. பக்கத்து மயானத்தில் ஜான் டெய்லர் என்ற தொழிலாளி 137 வயதில் இறந்ததாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஈயப் புகையில் 137 வருஷமா? கணக்கு வாத்தியார் நம்பவில்லை. மருமகன் மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காரில் பேத்தி பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தங்கத்தைக் காணோம். அழுகைக்கு முகம் தயாரானபோது நான் வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு தேடினேன்.

மூடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.