மூலை நாற்காலியில் வெளியாள்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரைக்கு வந்து, மீனை எடைபோட்டு, டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரித்து முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. கையில் காசு, ராத்திரி முழுக்கத் தூங்காத உடம்பு. குடியை விட நினைக்கும் மீனவருக்கு அந்த மத்தியானத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. குடிநோயாளிகள் கூட்டத்தைப் பார்க்க வரும் சமூகப்பணி மாணவரோ செவிலியரோ களப்பணியாளரோ இந்த நேரக்கணக்கைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. தெரியாவிட்டால் அங்கே பேசப்படுவதில் பாதி பிடிபடாது.

இந்தக் கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள்) அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி, கட்டணம் கிடையாது. கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். வெளியாள் வரலாம் என்பது திறந்த கூட்டத்துக்குத்தான், அதையும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். தொடக்கத்திலேயே “பார்வையாளராக வந்திருக்கேன்” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் புதிதாகக் குடியை விட வந்தவர் என்று நினைத்து, கூட்டமே உங்களைப் பார்த்துப் பேசும். அது அவர்களை ஏமாற்றுவதாகும்.

நோட்டு, பேனா, செல்போன் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும். திட்ட அறிக்கைக்கு ஒரு போட்டோ என்று கேட்பவர்கள் உண்டு. எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, கேள்வி இல்லை, அறிவுரை இல்லை. படித்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். எதிரே ஒருவர் உடைந்து அழும்போது “கவலைப்படாதீங்கண்ணே” என்று வாய்வரை வரும். அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். காணிக்கைப் பை சுற்றி வரும்போது அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள். வெளியார் பணத்தை ஏற்பதில்லை என்பது அவர்களுடைய மரபு.

பெயர் வெளியே போகக் கூடாது என்ற விதி நகரத்தில் சுலபம். தங்கச்சிமடம், பாம்பன் போன்ற ஊர்களில் யார் வண்டி எங்கே நிற்கிறது என்று தெருவுக்கே தெரியும். படகு முதலாளியும் அவர் படகில் முன்பணம் வாங்கிய ஆளும் ஒரே அறையில் உட்கார நேர்ந்தால், வாங்கியவர் வாயே திறக்க மாட்டார். அதனால் பக்கத்து ஊரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. இடமும் ஒரு சிக்கல். தேவாலய வளாகத்து அறை ஒருவருக்குப் பழகிய இடம். கீழக்கரையிலிருந்து வரும் முஸ்லிம் ஒருவர் அதே வாசலில் தயங்கி நிற்கலாம். வரவில்லை என்றதும் ‘ஆர்வமில்லை’ என்று எழுதிவிடும் அறிக்கைகளை நம்பாதீர்கள்.

ஆள் எண்ணிக்கையை வைத்தும் எதையும் கணிக்க முடியாது. மீன்பாடு நன்றாக இருந்தால் கூட்டம் மெலியும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நிறையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. அப்போது கூட்டத்துக்கு வர நேரம் கிடைக்கும். கடன் வாங்கிக் குடிக்கவும் அதே நேரம் கிடைக்கும்.

வெளியாள் வாயைத் திறந்தே ஆக வேண்டிய ஒரு இடம் உண்டு. அதுவும் கூட்டம் முடிந்த பிறகு. தினமும் இரண்டு, மூன்று குவார்ட்டர் குடித்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு, கை நடுங்க வியர்வையோடு உட்கார்ந்திருந்தால், “மனசு வச்சா போதும்” என்று அனுப்பிவிடக் கூடாது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வந்தால் உயிருக்கே ஆபத்து. கரையில் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும். நடுக்கடலில் படகின் விளிம்போரம் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று மீனவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே முதல் வாரம் கடலுக்குப் போகாமல், அரசு மருத்துவமனையில் டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. சோர்ந்து வருபவருக்கு “ஒரு குளுக்கோஸ் போடுங்க” என்று வீட்டார் கேட்பார்கள். நெடுநாள் குடித்த உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடித்து வந்தவர் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் தயமின் ஊசி கிடைக்கும்.

குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் தனி. அங்கே உட்கார வாய்ப்புக் கிடைத்தால், குழம்பில் கலந்து கொடுக்கும் மருந்து பற்றிய பேச்சு வரலாம். மதுவை உடம்பு ஏற்காமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையைக் குடிப்பவருக்கே தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து சாகவும் கூடும். பேசிய அக்காவைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். வாசலில் செருப்புப் போடும்போது தனியாகச் சொல்லி, 14416 மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். கொடுப்பது அவர் கணவரின் பெயர் இல்லாத துண்டுச்சீட்டாக இருக்கட்டும்.