கொக்கியில் தொங்கும் இரண்டு டன்

கிரேன் பிரிவுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் சில வாரம் நான்தான் சொல்லிக்கொடுப்பது. எல்லாருமே பள்ளியில் விசை = நிறை × முடுக்கம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் சுமை தரையை விட்டு எழும்பியதும் அந்தச் சமன்பாடு தலையை விட்டுப் போய்விடும். இரண்டு டன் கியர்பாக்ஸ் கொக்கியில் தொங்குகிறது, ஒரு கையால் தள்ளினால் மெல்ல அசைகிறது. உடனே, "என்ன அண்ணே, பஞ்சு மாதிரி இருக்கு!" என்பார்கள்.

அங்கேதான் ஆபத்து. கிரேன் தாங்கிக்கொள்வது எடையை. அதாவது பூமி கீழே இழுக்கும் விசையை: 2000 கிலோவை 9.8ஆல் பெருக்கினால் வருகிற 19,600 நியூட்டன். நிறையை யாரும் தாங்க முடியாது, குறைக்கவும் முடியாது. அந்த 2000 கிலோ, தொங்கினாலும் தரையில் கிடந்தாலும், தன் வேகத்தை மாற்ற வருகிற எவரையும் ஒரே அளவுக்குத்தான் எதிர்க்கும். ஓய்விலிருந்து மெல்ல நகரத் தொடங்கும்போது அந்த எதிர்ப்பு நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் அவசரப்படுவதில்லை. நிறுத்தும்போதுதான் அவசரம் வரும்.

இதைப் பேசிப் புரியவைப்பதை விட, எண் போட்டுக் காட்டுவேன். கிரேன் நிமிடத்துக்கு 18 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.3 மீட்டர், நடப்பவரை விட மெதுவு. டிராலி, அதாவது கொக்கியைச் சுமந்தபடி மேலே ஓடும் வண்டி, நின்றுவிட்டது, சுமை மட்டும் அதே வேகத்தில் முன்னால் ஊசலாடி வருகிறது. ஒருவர் 300 நியூட்டன் விசையோடு எதிர்த்துத் தள்ளினால் முடுக்கம் 300 ÷ 2000, அதாவது 0.15 மீட்டர்/நொடி². கம்பிக் கயிறு பின்னால் இழுப்பதைச் சேர்க்காமல் பார்த்தால், சுமை நிற்க 2 நொடி ஆகும், அதற்குள் 30 செ.மீ. வந்துவிடும். பின்வாங்க இடமிருந்தால் பரவாயில்லை. பின்னால் தூண் இருந்து, நடுவில் கை மாட்டிக்கொண்டு, ஒரே செ.மீ.க்குள் நிற்க வேண்டியிருந்தால்? முடுக்கம் 4.5 ஆகிவிடும். விசை 9000 நியூட்டன். ஏறக்குறைய 900 கிலோ எடையை விரல்மேல் இறக்கி வைத்ததற்குச் சமம். வேகம் அதே 0.3தான், நிறையும் அதேதான். நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டும்தான் சுருங்கியது. இந்தக் கணக்கை முடிக்கும்போது கையுறைக்குள் விரல்களை மடக்கிப் பார்க்காத பையனை நான் கண்டதில்லை.

அடுத்து லோடு செல், அதாவது கொக்கியில் விழும் பாரத்தை அளக்கும் கருவி, அதன் காட்சித்திரை. அதைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. சுமை அசையாமல் தொங்கும்போது 2.0 டன். மேலே தூக்கத் தொடங்கும் கணத்தில், முடுக்கம் 0.5 என்றால், எண் 2.1க்கு ஏறும். பிறகு சீரான வேகத்தில் மேலே போய்க்கொண்டே இருக்கும்போது மறுபடி 2.0. இதை நம்பவே மாட்டார்கள். மேலே போகிறதே, கூடுதல் விசை வேண்டாமா என்று வாதாடுவார்கள். வேகத்துக்கு விசை தேவையில்லை, வேகம் மாறுவதற்குத்தான் தேவை. கீழே இறக்கத் தொடங்கும்போது 1.9 காட்டும், இறங்கிக்கொண்டிருந்த சுமை பிரேக் பிடித்து நிற்கும்போது திரும்பவும் 2.1க்குத் தாவும்.

சுமையைக் கொக்கியோடு கட்டும் ஸ்லிங் தொய்வாக இருக்கும்போது பட்டனை முழுவதும் அழுத்தித் தூக்குவதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் காரியம். கொக்கி நொடிக்கு 0.1 மீட்டர் வேகத்தில் மேலே போய், தொய்வு திடீரென்று தீர்ந்து, சுமை 0.02 நொடிக்குள் அந்த வேகத்தைப் பிடித்தாக வேண்டுமானால் முடுக்கம் 5. கூடுதல் விசை 10,000 நியூட்டன். இரண்டு டன் சுமைக்கு ஸ்லிங் அந்த நொடியில் மூன்று டன்னைத் தாங்குகிறது. திரை இதைச் சில சமயம் காட்டாமலே போகும், அது அவ்வளவு சட்டென்று எண்ணை மாற்றாது. அதனால்தான் முதலில் பட்டனை விட்டு விட்டு மெல்லத் தட்டி தொய்வை எடு, ஸ்லிங் விறைத்ததும் ஒருமுறை பார், பிறகு தூக்கு என்கிறோம்.

ஒருவன் கேட்டான், எடையே இல்லாத இடத்தில் நிறையை எப்படி அண்ணே அளப்பது என்று. நல்ல கேள்வி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தராசு உதவாது. அங்கே ஒரு கருவி தெரிந்த விசையோடு வீரரை ஸ்பிரிங் கொண்டு இழுக்கிறது. வருகிற முடுக்கத்தை அளந்து, விசையை அதனால் வகுத்து நிறையைக் கண்டுபிடிக்கிறார்கள். நியூட்டன் 1687இல் எழுதியபோது, விசைக்கேற்ப இயக்கம் மாறும் என்று சொற்களில்தான் சொன்னார். நாம் இன்று எழுதும் சமன்பாட்டு வடிவத்துக்கு அடுத்த நூற்றாண்டின் ஆய்லருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தேர்ந்த ஆபரேட்டர்களுக்கு இதெல்லாம் விரலில் இருக்கிறது. டிராலி நின்று சுமை முன்னால் ஊசலாடினால் கையால் தடுக்கச் சொல்ல மாட்டார்கள். சுமை முன்பக்க எல்லையைத் தொட்டு ஒரு கணம் நிற்கிற நேரம் பார்த்து, டிராலியை அதன் நேர்மேலே நகர்த்தி நிறுத்துவார்கள். கயிறு செங்குத்தாகிவிட்டது, பக்கவாட்டில் இழுக்க விசையில்லை, சுமையும் அங்கேயே நின்றுவிடும். சுமையில் கட்டிய வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்திருப்பவர் அதுவரை சுமைக்கும் தூணுக்கும் நடுவில் வராமல், தூணுக்கு எதிர்ப்புறம்தான் நிற்க வேண்டும்.