கரியனின் சுகர் கணக்கு

மார்ச் 4, இரவு

எங்கள் பூனை கரியனுக்கு இன்சுலின் ஆரம்பித்து நான்கு நாள். காலை ஏழுக்கு ஒரு யூனிட், இரவு ஏழுக்கு ஒரு யூனிட். ஊசி போடுவது பயந்த அளவுக்கு இல்லை. அவன் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும்போது விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிக் குத்தினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரத்தம் எடுப்பதுதான் பெரும்பாடு. காது ஓரத்து மெல்லிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்த வேண்டும். காது சில்லென்றிருந்தால் சொட்டும் வராது. வெதுவெதுப்பான துணியை ஒரு நிமிடம் ஒற்றியெடுத்த பிறகு கடுகளவு எட்டிப் பார்த்தது. அதற்குள் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் மூன்று வீண். நான்காவதில் சர்க்கரை 388.

மார்ச் 6

சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. புதிது வர இரண்டு நாளாகுமாம். அப்பாவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால் அவர் டப்பாவிலிருந்து நான்கு எடுத்துக்கொண்டேன். ஊசி இன்னும் மெல்லிசு, கரியனுக்கும் நல்லதுதான்.

மார்ச் 7

காலை 431. மாலை 462. தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று முறை நிரப்பினேன். மண் பெட்டியில் உருண்டை உருண்டையாக ஈரம். பின்னங்காலைக் குதிகால் தரையில் படும்படி வைத்துத் தேய்த்தேதான் நடக்கிறான். சர்க்கரை நரம்பைப் பாதிப்பதால் வருவது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. இரவு நானாகவே இரண்டு யூனிட் போட்டேன்.

மார்ச் 8

காலை 405. மறுபடியும் இரண்டு. கொஞ்சம் இறங்கியிருக்கிறதே என்று ஒரு திருப்தி வேறு. மதியம் புது சிரிஞ்ச் வந்தது. மாலை 390, அதே இரண்டு.

மார்ச் 9, விடியற்காலை

ஒரு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். கரியன் சுவரில் சாய்ந்து நிற்கிறான், தலை லேசாக ஆடுகிறது, கண் எங்கோ நிலைத்திருக்கிறது. மீட்டரில் 48. 60-க்குக் கீழே போனாலே ஆபத்து. தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். அந்த நிலையில் வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் நக்க ஆரம்பித்தான், சாப்பாட்டை வைத்தேன், தின்றான். 71. அப்புறம் 96. டாக்டருக்கு போன் செய்தேன். முதலில் அவர் கேட்டது, "எந்த சிரிஞ்ச்?"

அப்போதுதான் இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரியனின் மருந்து யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அப்பாவுடையது யு-100 சிரிஞ்ச், அதன் கோடுகள் ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்ற கணக்கில் போட்டவை. அதில் 'ஒன்று' வரை இழுத்தால் கரியனுக்கு உள்ளே போனது 0.4 யூனிட்தான். அதனால்தான் எண் ஏறியது. 'இரண்டு' என்று நான் கூட்டியதும் உண்மையில் 0.8. அதே இரண்டைச் சரியான சிரிஞ்சில் இழுத்ததும் முழு இரண்டு யூனிட், ஒரே தாவலில் இரண்டரை மடங்கு. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100-க்கு ஆரஞ்சு. தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றுதான்.

காலை ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். இரவிலிருந்து மறுபடி ஒரு யூனிட்.

மார்ச் 15

டாக்டர் கேட்டபடி இன்று இரண்டு மணிக்கொரு தடவை பார்த்தேன். காலை ஏழுக்கு 312, அப்புறம் 244, 170, ஒரு மணிக்கு 121, மூன்றுக்கு 148, ஐந்துக்கு 229, ஏழுக்கு 301. காலையும் மாலையும் மட்டும் பார்த்திருந்தால் 'மருந்து வேலையே செய்யவில்லை' என்று மறுபடி கூட்டியிருப்பேன். நடுவில் 121 இருப்பது தெரிந்திருக்காது. அதற்கு மேல் கூட்டினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். இதே ஒரு யூனிட் ஒரு வாரம் தொடரட்டும், அதற்குமுன் தொடாதே என்று உத்தரவு.

அப்பாவின் மீட்டரிலும் சும்மா ஒரு சொட்டு பார்த்தேன், குறைவாகத்தான் காட்டியது. மனித ரத்தத்துக்கென்று செய்தது பூனைக்கு அப்படித்தான் காட்டுமாம். இனி ஒரே மீட்டர், பூனைக்கானது.

மார்ச் 19

கிண்ணத்தில் மாலைவரை தண்ணீர் மிச்சம் இருந்தது. குதிகால் இன்னும் தரையில்தான். அது சரியாக மாதங்கள் பிடிக்குமாம்.

அப்பா தன் சிரிஞ்ச் டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார்: 'இது மனுஷனுக்கு.'