பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி

போன வருஷம் சர்க்கரைக்காகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி 14 கிலோ குறைத்தேன். சர்க்கரை இறங்கியது, முகமும் கூடவே இறங்கிவிட்டது. வாயோரத்துத் தோல் கசங்கிய மல்துணி மாதிரி ஆகிவிட்டது. 52 வயதில் சுருக்கம் விழுவது இயற்கைதான். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் "என்னக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுக் கேட்டு மனசு நொந்துபோனது. விசாரித்ததில் நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ், குழி விழுந்த கன்னத்துக்கு ஃபில்லர், என்னைப்போல் தோல் தளர்ந்தவர்களுக்கு புரொஃபைலோ என்கிற ஹையலூரானிக் அமில (தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற பொருள்) ஊசி என்று புரிந்தது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அழகு சிகிச்சை மையம். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். ஊசி போட வேண்டிய நாளில் மரத்துப்போகிற க்ரீம் தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால், "நம்ம சிஸ்டரே போட்டுடுவாங்க மேடம், டெய்லி போடுறாங்க" என்றது அந்தப் பெண். அப்போதே எழுந்திருக்க வேண்டும். முகத்தில் க்ரீமோடு எங்கே போவது என்று தயங்கி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ட்ரே வந்தது. அதில் காய்ச்சலுக்கு ஊசி போடுவார்களே, அதே சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சில் தண்ணீர் மாதிரி ஏதோ ஏற்றி வைத்திருந்தார்கள். நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். இந்த மருந்து 2 மில்லி, கம்பெனியிலேயே சிரிஞ்சில் நிரப்பி சீல் வைத்து வரும். யாரும் தனியாக ஏற்ற வேண்டியதில்லை. "ஏம்மா, பெட்டி எங்கே?" என்றேன். "தூக்கிப் போட்டாச்சு மேடம்." குப்பைக்கூடையிலிருந்தாவது எடுத்துக் காட்டுங்கள் என்றேன். ஒருவரும் நகரவில்லை. வாஷ்பேசினில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறியபோது கை நடுங்கியது. அந்தத் தண்ணீரில் என்ன இருந்ததோ, இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்த முறை முதலில் டாக்டரைத் தேடினேன். தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்தவர், பெண். அவருடைய பதிவு எண்ணை வாங்கி மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பெயரோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் போனேன். தாம்பரத்திலிருந்து அண்ணா நகர், ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த முதல் நாள் வீண். என் தப்புதான்: சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டைக் கொண்டுபோகவில்லை. "சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க" என்று சொன்னதுமே டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆஸ்பிரின். இதய டாக்டர் கைப்பட எழுதிக் கொடுக்காமல் ஊசியைத் தொட மாட்டேன் என்றார். மூன்று மாத சராசரி சர்க்கரை ரிப்போர்ட்டும் கேட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஒன்றுமே விசாரிக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு ஊசியை நீட்டிய இடத்தையும் பார்த்தவள் நான்.

இதய டாக்டர் ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது, கொஞ்சம் ரத்தம் கட்டினால் கட்டட்டும் என்று எழுதித் தந்தார். நானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மீன் எண்ணெய் மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். முகத்துக்காக யாரும் இதய மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஊசி நாளன்று பெட்டியை என் கையிலேயே கொடுத்தார் டாக்டர். காலாவதி தேதியைப் பார்த்தேன். சீலை என் கண்முன்னே பிரித்தார். எந்தத் தொகுதியில் தயாரான மருந்து என்று காட்டும் லாட் எண் ஸ்டிக்கரில் ஒன்றை என் சீட்டில் ஒட்டினார். மனசில் இருந்த பயத்தையும் கேட்டுவிட்டேன்: "ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா?" அபூர்வம் என்றாலும் நடக்கக்கூடியது என்று மறைக்காமல் சொன்னார். அமிலத்தைக் கரைக்கிற ஹையலூரோனிடேஸ் மருந்து அவசர ட்ரேயில் இருந்ததை எடுத்தும் காட்டினார். தோல் வெளுத்தாலோ, வலை மாதிரி நீலம் படர்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே கூப்பிடச் சொல்லித் தன் எண்ணைக் கொடுத்தார். கரைக்கிற அந்த மருந்து கைவசம் இல்லாத இடத்தில் ஹையலூரானிக் அமில ஊசி எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பக்கத்துக்கு ஐந்து புள்ளி, மொத்தம் பத்து. கன்ன எலும்பு, மூக்கோரம், காதுக்கு முன்னால், மோவாய், தாடை மூலை. ஒவ்வொன்றிலும் 0.2 மில்லி. மூக்கோரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மற்றதெல்லாம் சுருக்கென்றதோடு சரி. கண்ணாடியில் பார்த்தால் பத்து இடத்திலும் பெரிய கொசுக்கடி மாதிரி வீக்கம். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள் காலையில் வீக்கம் அமுங்கியிருந்தது. வலது தாடையில் மட்டும் நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டி, பச்சையாகி, மஞ்சளாகி மறைய ஒன்பது நாள் ஆனது. கல்யாணம், விசேஷம் இருப்பவர்கள் முந்தின வாரத்தில் போய் உட்காராதீர்கள். ஒரு மாதம் விட்டு இரண்டாவது ஊசியும் உண்டு, அதற்குப் பிறகுதான் முழுப் பலன் தெரியும். கணக்குப் போட்டு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

இரண்டாவது ஊசி சிரமமில்லாமல் முடிந்தது.

பத்து வயது குறையவில்லை. குழி விழுந்த கன்னம் அப்படியேதான் இருக்கிறது. வாயோரத்துக் கசங்கல் பாதிக்கு மேல் சரியாகியிருக்கிறது, தோலைத் தொட்டால் முன்பிருந்த வறட்சி இல்லை. ஊசிக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்ததால்தான் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. இது நிரந்தரமும் இல்லை, சில மாதங்களில் திரும்பப் போட வேண்டிவரும். செலவைப் பொறுத்து முடிவெடுப்பேன்.

அந்த 5,000 ரூபாய்? "திருப்பித் தர மாட்டோம்" என்று நான்கு தடவை சொன்னார்கள். நல்லவேளை, ஜிபேயில் அனுப்பும்போது எதற்கான அட்வான்ஸ் என்று எழுதியிருந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் பணம் மட்டும் வந்து சேர்ந்தது.