இரண்டு மாதப் பந்தல்

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியபோது மணி பதினொன்று. அக்னி நட்சத்திர வெயில். பாலாற்றுப் பாலத்தின் கீழே மணலும் முட்செடியும்தான். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டதால் அதில் ஒன்று தீர்ந்தது. ஆற்றின் குறைக்குத்தான் அங்கே ஒரு தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள்.

சித்தியின் சிகிச்சைக்குத் துணையாக வந்தவன் நான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகள் வங்காள மொழியில் இருக்கும்; மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அறைக்குள் வெக்கை, வெளியே உட்கார இடமில்லை.

அந்தப் பந்தலில் இருந்தவை நான்கு மூங்கில், தென்னங்கீற்று, ஈரத்துணி சுற்றிய இரண்டு பானைகள், இரவல் பெஞ்சுகள் இரண்டு. ஒரு காரை நிறுத்தும் இடம்கூட இருக்காது. பானை மட்டும் இருந்த வரைக்கும் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்களாம். பெஞ்சு வந்த பிறகுதான் பேச்சு வந்தது என்றார் பந்தல்காரப் பெரியவர். பக்கத்துக் கடைக்காரர் முதலில் முறைத்திருக்கிறார். "இரண்டு மாதம்தானே அண்ணே, ஆனியில் பிரித்துவிடுவேன்" என்றதும் அடங்கிவிட்டார்.

எனக்குப் பிடித்தது அந்த 'இரண்டு மாதம்தானே'. நிரந்தரம் என்றிருந்தால் மனு, எதிர்மனு என்று கிளம்பியிருக்கும். 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரீபார் என்ற குழு, கார் நிறுத்தும் மீட்டரில் காசு போட்டு, அந்த இடத்தில் புல்லும் ஒரு பெஞ்சும் ஒரு மரமும் வைத்தது. இரண்டு மணி நேரப் பூங்கா. 2009-இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் சோதனை என்று சொல்லித்தான் பிராட்வே சாலையில் வாகனங்களைத் தடுத்து, மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அது நிரந்தரமாயிற்று. நம் ஊரில் திருவிழாவுக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போடுபவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி வந்துவிடும். பிறகு யாரோடு பேசுவது?

பெரியவர் ஒரு வங்காளப் பையனை 'தாதா' என்று அழைத்ததும் திடுக்கிட்டேன். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருளாம். நம் ஊர் தாதா வேறு.

மறுநாள் மாலை போனபோது பானையில் தமிழுக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டியால் வங்காளத்தில் ஒரு சொல் எழுதியிருந்தது. பெரியவர் தொழுகைக்குப் போயிருந்தார். மோர் ஊற்றித் தந்தவன் அந்தப் பையன். உப்புதான் கொஞ்சம் கூடுதல்.