கணக்கில் வராத 5,370 யூனிட்

பண்ணையின் மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது முதலில் ஒருவரை வரவழைத்தோம். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். மோட்டார் பழசு, புதுசு மாற்றுங்கள், கூடவே சோலார் போடுங்கள் என்று தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனார். எந்த இடத்திலும் அவர் எதையும் அளக்கவில்லை. அளக்காமல் எப்படி மோட்டார்தான் கெட்டது என்று தெரிந்தது? அந்தக் கேள்வி மனதில் நின்றதால்தான் எங்கே எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து பார்க்கும் எனர்ஜி ஆடிட்டை நாங்களே செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். நாங்கள் என்றால் நான், மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா, எங்களுக்கு வழக்கமாக வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

ஆடிட் என்றதும் பெரிய கருவிகள் நினைவுக்கு வரும். எங்களிடம் இருந்தவை மின்கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், குழாயின் அழுத்தத்தைக் காட்டும் இரண்டு பிரஷர் கேஜ், ஒரு தண்ணீர் மீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஓர் இயந்திரத்தின் யூனிட்டைத் தனியாகக் காட்டும் சப் மீட்டர் இரண்டு, ஒரு நோட்டு. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து அளக்கும் வேலை முழுவதும் எலக்ட்ரீஷியன் அண்ணனுடையது. அதில் நான் கை வைக்கவே இல்லை; நீங்களும் வைக்காதீர்கள்.

முதல் வேலை பழைய பில்களை அடுக்குவது. பன்னிரண்டு மாதம் கூட்டினால் 20,300 யூனிட். அடுத்து, பண்ணையில் மின்சாரத்தில் ஓடுகிற ஒவ்வொன்றையும் எழுதி, கிலோவாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கினேன். கிணற்று மோட்டார் 7.5 எச்.பி., அதாவது 5.6 கிலோவாட், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரம், 5,600 யூனிட். பால் குளிரூட்டும் தொட்டி 4,000. கறவை இயந்திரத்தின் வாக்குவம் பம்ப் 3,200. கழுவுவதற்கு வெந்நீர் வைக்கும் ஹீட்டர், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, 730. விளக்கு, மின்விசிறி, தீவனம் வெட்டும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 1,400. மொத்தம் 14,930. பில்லுக்கும் பட்டியலுக்கும் நடுவே 5,370 யூனிட் காணவில்லை. கால் பங்குக்கும் மேல்!

மீட்டர் கோளாறு என்றார் சித்தப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் அதையே சாட்சியாக வைத்துப் பார்க்கலாம் என்றார் அண்ணன். எங்கள் மீட்டர் முகப்பில், அதன் சிறு விளக்கின் 800 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிணற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, 100 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தோம். 70 விநாடி. 3,600-ஐ 100-ஆல் பெருக்கி, 800-ஐ 70-ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் 6.4 கிலோவாட். கிளாம்ப் மீட்டரும் அதையேதான் சொன்னது. மீட்டர் சரி, என் பட்டியல்தான் தப்பு. பெயர்ப்பலகையில் இருக்கும் எச்.பி. என்பது மோட்டார் தண்டில் வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். அந்த ஒரு திருத்தத்தில் 800 யூனிட் கிடைத்துவிட்டது.

மீதியைத் தேட ஓர் இரவு உட்கார்ந்தோம். எல்லா விளக்கும் அணைத்தாயிற்று, குளிரூட்டும் தொட்டியின் கம்ப்ரஸரும் ஓய்ந்துவிட்டது. மீட்டர் விளக்கு அசையாமல் இருந்தது. திடீரென்று நிமிடத்துக்கு 27 என்ற கணக்கில் சிமிட்டத் தொடங்கியது. ஆறு நிமிடம் போல ஓடி நின்றது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே கதை. நிமிடத்துக்கு 27 சிமிட்டல் என்றால் 2 கிலோவாட். பண்ணையில் 2 கிலோவாட்டுக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான். சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத அந்த வெந்நீர் ஹீட்டர்.

சப் மீட்டர் போட்டு ஒரு வாரம் பார்த்ததில் 98 யூனிட், நாளுக்கு 14. நான் எழுதியிருந்தது 2. காலையும் மாலையும் பால் குழாய்களைக் கழுவ 80 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டால், ஒரு வேளைக்கு நாலரை யூனிட், நாளுக்கு ஒன்பது. தெர்மோஸ்டாட் 85-இல் நின்றிருந்தது; வெந்நீர்க் குழாய்க்கு உறையில்லை; இரவு முழுக்கச் சூடு கசிந்து, திரும்பத் திரும்பச் சூடாகிக்கொண்டிருந்தது. அதில் போனது மீதி ஐந்து யூனிட். பாலைக் குளிர வைப்பதற்கு நாளுக்கு 11 யூனிட்தான் ஆகிறது. கழுவுவதற்கு அதைவிட அதிகம்! அமெரிக்க வேளாண் மற்றும் உயிரியல் பொறியாளர் சங்கத்தின் எஸ்612 என்ற பண்ணை ஆடிட் தரத்தில் தண்ணீர் சூடாக்குவதைத் தனித் தலைப்பாகவே வைத்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பை ஒழுங்காகப் படித்திருந்தால் அந்த இரவு விழித்திருக்கத் தேவையில்லை.

ஹீட்டரையும் மோட்டாரையும் திருத்தி எழுதிய பிறகு இடைவெளி 190 யூனிட்டாகச் சுருங்கியது. அதோடு கணக்கை மூடி, எங்கே குறைக்கலாம் என்பதற்கு வந்தோம்.

கிணற்று மோட்டாரிலிருந்து தொடங்கினேன். இங்கே நான் செய்த ஒரு தப்பை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் செய்கிறார்கள். மோட்டாருக்குப் பக்கத்திலேயே குழாயைக் கழற்றி, 200 லிட்டர் டிரம்மில் விட்டு நேரம் பார்த்தேன். 24 விநாடியில் நிறைந்தது. விநாடிக்கு 8 லிட்டருக்கு மேல்! மோட்டார் பிரமாதம் என்று எழுதி வைத்தேன். ஆனால் வயலுக்குத் தண்ணீர் போகும்போது அது அப்படித் திறந்த வாயில் கொட்டுவதில்லை. 320 மீட்டர் குழாயைத் தாண்டி, 4 மீட்டர் மேடேறி, ஃபில்டர் வழியாகச் சொட்டுநீர்க் குழாய்க்குள் நுழைய வேண்டும். தண்ணீர் மீட்டரைக் குழாயில் பொருத்தி, வயல் ஓடும்போதே பார்த்தால் விநாடிக்கு 5 லிட்டர்தான். வேலை நடக்கிற நிலையில் எடுத்த அளவு மட்டுமே அளவு. மற்றதை நோட்டில் எழுதாமல் இருப்பதே நல்லது.

மணிக்கு 18,000 லிட்டர், 6.4 கிலோவாட். ஆக, 1,000 லிட்டருக்கு 0.36 யூனிட். இந்த ஒரு எண்ணைத்தான் எல்லாரும் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். பில்லை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் மழை பெய்த வருடம் நாம் கெட்டிக்காரர்களாகத் தெரிவோம், காய்ந்த வருடம் எல்லாம் வீணானதாகத் தெரியும். 1,000 லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

அடுத்து பிரஷர் கேஜ். மோட்டாரை விட்டு வெளியே வந்ததும் சதுர சென்டிமீட்டருக்கு 4.3 கிலோ. ஃபில்டரைத் தாண்டியதும் 3.5. வயல் முனையில் 1.0. ஒரு கிலோ அழுத்தம் என்பது 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். அப்படியானால் ஃபில்டர் மட்டும் 8 மீட்டரைத் தின்கிறது. ஃபில்டருக்கும் வயலுக்கும் நடுவே 25 மீட்டர் போகிறது. அதில் மேடு 4 மீட்டர், மீதி 21 மீட்டர் குழாயின் உராய்வு. ஓடும்போது கிணற்றில் தண்ணீர் மட்டம் 16 மீட்டர் ஆழத்தில். எல்லாம் கூட்டினால் 59 மீட்டர். விநாடிக்கு ஒரு லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்த 9.81 வாட் வேண்டும். 5 லிட்டரை 59 மீட்டருக்கு ஏற்றினால் 2,900 வாட். உள்ளே போவது 6,400. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 45 சதவீதத் திறனில் ஓடுகின்றன. அந்த வயதுக்கு அது மோசமே இல்லை.

கெட்டது மோட்டார் இல்லை, குழாய்! முதலில் வந்தவர் சொன்னபடி மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால், புது மோட்டாரும் அதே 59 மீட்டருக்குத்தான் தள்ளியிருக்கும். உண்மையில் தேவைப்படுவது கிணற்று ஆழம் 16, மேடு 4, சொட்டுநீருக்கு 10, ஆக 30 மீட்டர்தான்.

ஃபில்டரைக் கழற்றிக் கழுவியதற்கு எந்தச் செலவும் இல்லை, 0.8 கிலோ இழப்பு 0.3 ஆனது. குழாய்தான் பெரிய வேலை. 63 மில்லிமீட்டர் குழாயை எடுத்துவிட்டு 90 மில்லிமீட்டர் போட்டால் அதே 5 லிட்டருக்கு உராய்வு 21 மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டராக இறங்கும். விட்டம் கொஞ்சம் கூடினாலே உராய்வு இப்படிச் சரிவது பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கிறது. உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கையொட்டிக் குறைகிறது என்பதுதான் காரணம்.

320 மீட்டருக்குக் குழி தோண்டி, குழாய் இறக்கி, மூடி, மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் 6.6 கிலோவாட் காட்டியது. சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னப்பா, இத்தனை தோண்டியும் கூடத்தானே ஆகியிருக்கு?"

கூடத்தான் செய்யும். எதிர்ப்பு குறைந்ததும் பம்ப் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது, அதனால் கொஞ்சம் அதிகமாகவும் இழுக்கிறது. இன்னொரு வால்வையும் திறந்துவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். விநாடிக்கு 6.6 லிட்டர். 1,000 லிட்டருக்கு 0.28 யூனிட். கிலோவாட் ஏறியிருக்கிறது, ஆனால் மோட்டார் முன்னைவிடச் சீக்கிரம் நின்றுவிடுகிறது. இதைச் சித்தப்பாவுக்கு நோட்டில் போட்டுக் காட்டியபோதுதான் அவர் இந்த வேலையில் முழு மனதோடு இறங்கினார். அடுத்த பருவத்தில், புதுக் குழாயின் தேவைக்குப் பொருத்தமாக 5 எச்.பி. பம்ப் போட்டோம். 3.7 கிலோவாட்டில் 5 லிட்டர். 1,000 லிட்டருக்கு 0.21. குழாய் முதலில், பம்ப் பிறகு என்ற வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்திருந்தால் தேவைக்கு மீறிய பம்பை வாங்கியிருப்போம்.

நடுவில் கெப்பாசிட்டர் போட்டால் பில் பாதியாகும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். போட்டோம். ஆம்பியர் 13-இலிருந்து 10 ஆனது. மீட்டரோ 100 சிமிட்டலுக்கு அதே 70 விநாடி. மின்கம்பியில் ஆகும் இழப்பு குறையும், வோல்டேஜ் கொஞ்சம் நிமிரும். அதனால் அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மோட்டார் தின்னும் யூனிட்டை அது குறைக்காது.

பால் பக்கம் எளிமையாக முடிந்தது. கம்ப்ரஸரின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸர் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வைக்கோல் தூசி அப்பிக் கிடந்தது. தான் ஊதிய சூட்டையே தான் மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. தூரிகையால் சுத்தம் செய்து, நிழலில், இரண்டடி தள்ளி வைத்தோம். 11 யூனிட் 8.5 ஆனது. தொட்டிக்குப் போகும் முன்பே பாலைத் தண்ணீரால் குளிர வைக்கும் பிளேட் கூலர் வாங்கலாமா என்று யோசித்தோம். கிணற்றுத் தண்ணீர் 24 டிகிரி. 35 டிகிரிப் பாலை அதைக் கொண்டு 28 வரைதான் இறக்க முடியும். அதற்குப் பதிலாகக் கம்ப்ரஸர் வெளியே தள்ளும் சூட்டைப் பிடித்துக் கழுவும் தண்ணீரை 45 டிகிரி வரை சூடாக்கும் தொட்டியைப் பொருத்தினோம். இரண்டும் பாலிலிருக்கும் அதே சூட்டுக்குத்தான் போட்டியிடுகின்றன. எங்களுக்கு வெந்நீர்ச் செலவு பெரிது என்பதால் இது பொருந்தியது. குளிர்ந்த தண்ணீர் கிடைக்கிற இடத்தில் பிளேட் கூலரே முதலில் வரும். இந்தத் தொட்டியும் டைமரும் குழாய் உறையும் சேர்ந்து ஹீட்டரை 14-இலிருந்து 6.5-க்கு இறக்கின.

டீசலை மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நாங்கள் ஆண்டுக்கு எரித்த 900 லிட்டர், 9,000 யூனிட்டுக்குச் சமம். டிராக்டர் சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தோம். கலப்பையைத் தூக்கிக்கொண்டு 44 மீட்டர், உழும்போது 34 மீட்டர். சக்கரம் கிட்டத்தட்ட 23 சதவீதம் வழுக்குகிறது. டயர் காற்றைச் சரிசெய்து, எடை கூட்டி, கொஞ்சம் ஆழம் குறைத்து உழுதபோது 39 மீட்டர் வந்தது. பழைய பதிவு இல்லாததால் இதில் டீசல் எவ்வளவு மிச்சம் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் எண் இல்லை. இப்போது ஒவ்வொரு உழவுக்கும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி எழுதி வருகிறோம்.

கடைசியாகத் தண்ணீரையே குறைத்தோம். மரங்களுக்கு அடியில் 30, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் ஈரத்தைக் காட்டும் டென்ஷியோமீட்டர் நட்டோம். அடியிலிருப்பது எப்போதும் ஈரம் என்றே காட்டியது. வேருக்குக் கீழே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கு 18,000 கனமீட்டர் இறைத்தது 15,500 ஆனது. மரங்களில் எந்த வாட்டமும் இல்லை. ஏற்றாத தண்ணீருக்கு யூனிட்டே கிடையாது. இதை முதலிலேயே செய்திருந்தால் குழாய் அளவைக்கூட வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம்.

இந்த முறை பன்னிரண்டு மாதக் கூட்டல் 13,200 யூனிட்டுக்குக் கீழே. தொடாமல் இருப்பது வாக்குவம் பம்ப்தான், அதே 3,200. கறவை நடக்கும்போது அதன் ரெகுலேட்டர் விடாமல் சீறுகிறது. தேவைக்கு மேல் உறிஞ்சி, உடனே காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. ஹீட்டரில் இருந்த சப் மீட்டரைக் கழற்றி அதில் மாட்டியாயிற்று. காலையும் மாலையும் ரீடிங்கைச் சித்தப்பாவே எழுதுகிறார்.